ஓட்டுப் போட கைநாட்டு போதும். பெயர் சேர்க்க செல்போனா?

அம்பத்தூர்,-

ஓட்டுப் போட படிப்பு வேண்டாம், சொத்து வேண்டாம். முதல் பொதுத்தேர்தல் (1951-52) தொட்டு இதுதான் நடைமுறை. இப்போது பட்டியலில் பெயர் நிற்க செல்போன் இருந்தால்தான் எளிது என்றாகிவிட்டது.

2025 நவம்பர் 4-ந்தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ந்தேதி வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. பெரும்பாலும் 'வீடு மாறியவர்கள்', 'இறந்தவர்கள்' என்று காரணம் கூறப்பட்டது.

அடிக்கடி வீடு மாறுவது யார்? அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, பூந்தமல்லியில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்கள்தான். வாடகை ஏறினால் அடுத்த தெரு!

ஆன்லைனிலும் படிவம் கொடுக்கலாம் என்றார்கள். அதற்கு வாக்காளர் அட்டையுடன் செல்போன் எண் இணைந்திருக்க வேண்டியிருந்தது. இல்லாதவர் வீட்டுக்கு அலுவலர் வருவதையே நம்ப வேண்டியிருந்தது. ஷிப்டுக்குப் போனவர் வீடு பூட்டித்தானே கிடக்கும்? கடைசியில் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து, "ஓ.டி.பி. வந்துச்சா?" என்று நிற்க வேண்டியதுதான்.

கண் சிமிட்ட முடியாதவர்களிடம், "சிமிட்டு" என்று கம்ப்யூட்டர் கேட்டதால் ஒரு வழக்கு வந்தது. டிஜிட்டல் வசதி பெறுவதும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

பெயர் சேர்க்கும் 6-ம் எண் படிவத்தைக் காகிதத்திலும் கொடுக்கலாம். 1950-க்கு சாதா போனிலேயே விசாரிக்கலாம். இந்தக் கதவை மட்டும் யாரும் சாத்திவிடக் கூடாது. செல்போன் இல்லாதவருக்கும் ஓட்டு ஒண்ணுதான்!