டிரைவர் தாமதமாக வருகிறார், ரோட்டவேட்டரும் உடைந்துவிட்டது... சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: ‘‘எனக்கு ஐந்து ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. கடன் போட்டு டிராக்டரும் ரோட்டவேட்டரும் வாங்கி, சொந்த வேலை போக வாடகைக்கும் ஓட்டுகிறோம். ஆறு வருஷமாக ஒரே டிரைவர்தான். மாதம் 16,000 ரூபாய் சம்பளம், சீசனில் தனியாக பேட்டா. இரண்டு மாதமாகக் காலை 6 மணிக்கு வர வேண்டியவர் 7 மணி, ஏழரை மணிக்குத்தான் வருகிறார். ‘ஒரு மணி நேரம் லேட்டுன்னா அரை நாள் சம்பளத்தைப் பிடி, தானா சரியாயிடும்’ என்கிறார் பக்கத்து வயல்காரர்.

இதற்கிடையில், போன மாதம் வாடகைக்குப் போன ஒரு வயலில் புதைந்து கிடந்த பழைய போர் பைப்பில் ரோட்டவேட்டர் மாட்டிக்கொண்டது. கத்திகள் வளைந்து, கிராஸ் உடைந்து, கியர் பாக்ஸையும் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. மொத்தம் 15,400 ரூபாய் செலவு. பைப் இருக்கும் விஷயத்தை நிலத்துக்காரர் என்னிடம் போனில் சொல்லியிருந்தார். அவசரத்தில் டிரைவரிடம் சொல்ல விட்டுப்போச்சு. ஆனாலும், ஓட்டுகிறவர் பார்த்து ஓட்ட வேண்டாமா? சம்பளத்தில் 5,000 ரூபாய் பிடித்தேன். ‘தெரியாம நடந்துபோச்சுண்ணே’ என்றவர், மறுநாளிலிருந்து நாலு நாளாக வரவில்லை. அவரிடம் 20,000 ரூபாய் அட்வான்ஸ் நிற்கிறது. ‘அதைக் கட்டாமல் வேறு வண்டிக்குப் போகக் கூடாது’ என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருடைய மனைவி நேற்று வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார். சம்பா உழவு தொடங்கும் நேரம். நான் செய்தது சரியா? இனி என்ன செய்வது?’’

*- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், லால்குடி, திருச்சி மாவட்டம்.*

பதில்: கோபத்திலும் நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் பதிலையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். பிடித்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். முடிந்தால் இன்றைக்கே நீங்களே அவர் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பைப் இருப்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மண்ணுக்குள் இருப்பதை டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து யாராலும் பார்க்க முடியாது.

தாமதம், உடைப்பு, அட்வான்ஸ் என மூன்று கணக்குகளை நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள். இரண்டு மாதமாகத் தாமதத்தால் சேர்ந்த கோபம், பைப் உடைத்ததில் வெளியே வந்துவிட்டது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும்.

முதலில் அட்வான்ஸ்

இதில்தான் உடனடி ஆபத்து இருக்கிறது. ‘கடனைக் கட்டும் வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது’ என்று ஒருவரைத் தடுப்பது, 1976-ம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ‘ஆறு வருஷமா குடும்பத்தில் ஒருவராகத்தானே வைத்திருக்கிறேன்’ என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால், சொல்லி அனுப்பிய வார்த்தைக்கு அர்த்தம் அதுதான். ‘அட்வான்ஸுக்காக உன்னைப் பிடித்து வைக்கவில்லை. இருக்கிறதும் போகிறதும் உன் விருப்பம்’ என்று நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். வேலையில் தொடர்ந்தால், அவருக்குக் கட்டுப்படியாகும் சிறு தொகையை மாதாமாதம் கழித்துக்கொள்ளலாம். எவ்வளவு கழித்தது, மீதி எவ்வளவு என்று இரண்டு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதம்: ஒரு மணிக்கு ஒரு மணிதான்

மாதத்துக்கு 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 16,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு நாளைக்கு 615 ரூபாய், ஒரு மணி நேரத்துக்கு 77 ரூபாய். ஒரு மணி தாமதத்துக்கு அரை நாள் பிடித்தால், 77 ரூபாய் வேலைக்கு 308 ரூபாய் பிடிக்கிறீர்கள். ஆலைத் தொழிலாளர்களை மனதில் வைத்து 1936-ல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே, வராத நேரத்துக்கு உரிய பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று இருந்தது. 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே நியாயம்தான் தொடர்கிறது. பக்கத்து வயல்காரர் சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். போன சீசனில் ராத்திரி 9 மணி வரை அவர் உழுத நாள்கள் எத்தனை? காலை 7 மணிக்கு வந்ததை எண்ணிய நீங்கள், ராத்திரி 9 மணிக்குப் போனதை எண்ணினீர்களா? நேரக் கணக்கு இரண்டு பக்கமும் ஓட வேண்டும். கூடுதலாக உழைத்த நேரத்துக்குப் பணமோ, மழை நாளில் அரை நாள் ஓய்வோ கொடுத்தால்தான், காலையில் வந்து நிற்கும்படி கண்டிப்பாகக் கேட்க முடியும்.

ஆறு வருஷம் நேரத்துக்கு வந்தவர் இரண்டு மாதமாகத் தாமதமாக வருகிறார் என்றால், வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதாக இருக்கலாம், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், குடியாகவும் இருக்கலாம். கேட்காமல் தெரியாது. மற்ற ஆட்கள் முன்னால் கேட்காமல், தனியாக உட்கார்ந்து கேளுங்கள். பள்ளிக்கூட விஷயம் என்றால், வேலை குறைவான நாள்களில் 7 மணிக்கு வரச் சொல்லி, சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட இருக்கச் சொல்லலாம். சீசனில் 6 மணி என்றால் 6 மணிதான் என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். குடி என்றால், அது தாமதப் பிரச்னையே இல்லை. குடித்துவிட்டு வருகிற ஆளிடம் அன்றைக்குச் சாவியைக் கொடுக்கக் கூடாது.

வண்டியில் ஒரு நோட்டு

டூல் பாக்ஸில் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, வந்த நேரம், போன நேரம், ஹவர் மீட்டர் தொடக்கம், முடிவு, யார் வயல், ஊற்றிய டீசல், ‘வண்டியில் ஏதாவது கோளாறு’ என்று எட்டுக் கட்டம் போதும். சாயங்காலம் இருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இரண்டு நிமிட வேலை.

இதில் ஒரு எச்சரிக்கை. கடிகாரப்படி 5 மணி நேரம் ஓடியிருக்கும், மீட்டர் 4 மணி சொச்சம்தான் காட்டும். ‘இடையில் எங்கேயோ தனியாக ஓட்டிக் காசு பார்த்துவிட்டான்’, ‘வேலை செய்யாமல் நிறுத்திவிட்டான்’ என்று பல வீடுகளில் சண்டையே வந்திருக்கிறது. முள் சுற்றும் பழைய வகை மீட்டர்கள், இன்ஜினின் சுற்று வேகத்தைக் கொண்டு ஓடுபவை. குறிப்பிட்ட வேகத்தில் இன்ஜின் ஓடினால்தான் மீட்டரின் ஒரு மணியும் கடிகாரத்தின் ஒரு மணியும் ஒன்றாக இருக்கும். குறைந்த வேகத்தில் ஓடினாலோ, சும்மா ஆன் செய்து நின்றாலோ மீட்டர் மெதுவாகத்தான் நகரும். அதனால் வாடகையைக் கடிகாரப்படி வாங்குவதா, மீட்டர்படி வாங்குவதா என்று ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆள் மீது பழி போட வேண்டாம். டீசல் மீது சந்தேகம் இருந்தால், காலையில் டேங்க் நிறைய ஊற்றி, வேலை முடிந்ததும் மறுபடி நிறைய ஊற்றிப் பாருங்கள். நாலைந்து வயலுக்கு இப்படிப் பார்த்தால், உங்கள் மண்ணுக்கு மணிக்கு எவ்வளவு குடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

உடைப்பு: நான்கு வகை

ஒன்று, தேய்மானம். கத்தி, பெல்ட், பேரிங், டயர் எல்லாம் ஓடினால் தேயும். இது முழுக்க உரிமையாளர் செலவு. வாடகையில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

இரண்டு, வேலையில் நடக்கும் விபத்து. உங்கள் பைப் இந்த வகைதான். இதுவும் உரிமையாளர் பொறுப்பு. நிலத்துக்காரரே சொல்லாமல் விட்டிருந்தால், அவரிடம் ஒரு பங்கு கேட்டிருக்கலாம். இங்கே அவர் சொல்லிவிட்டார்.

மூன்று, சொல்லிக்கொடுத்த பிறகும் செய்கிற கவனக்குறைவு. ஆயில் விளக்கு எரிந்தும் ஓட்டுவது, ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கி வைத்தபடியே திருப்புவது போன்றவை. முதல் முறை என்றால் பேச்சோடு விடுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால், அவர் தரப்பைக் கேட்ட பிறகு, முன்பே பேசி வைத்தபடி சிறு பங்கு கேட்கலாம். இழப்பைப் பிடிக்கும் முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது நான் சொன்ன அந்தச் சட்டங்களிலும் இருக்கிறது.

நான்கு, குடித்துவிட்டு ஓட்டியது, கேட்காமல் வேறு ஆளிடம் வண்டியைக் கொடுத்தது. இதில் சம்பளத்தைப் பிடிப்பதைவிட, வண்டியை அவரிடம் தொடர்ந்து கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

சம்பளத்தைப் பிடிப்பதில் வேறொரு பெரிய நஷ்டமும் உண்டு. இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை ஃபேன் பெல்ட் அறுந்ததற்கு, எங்கள் டிரைவரைப் பத்துப் பேர் முன்னால் திட்டிவிட்டேன். சில மாதம் கழித்து ரேடியேட்டர் ஹோஸில் கசிவு வந்திருக்கிறது. என்னிடம் சொன்னால் திட்டு விழும் என்று, அவரே இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. சில நூறு ரூபாய் ஹோஸில் முடிய வேண்டியது, 20,000 ரூபாயைத் தாண்டியது. நாற்று மூப்பேறிக்கொண்டிருக்க, வண்டி ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. தப்பு அவருடையது மட்டுமில்லை. சொல்லப் பயப்படும்படி வைத்திருந்தது நான். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் ஒரே விதி. உடனே சொன்னால் திட்டு இல்லை, பிடித்தம் இல்லை. மறைத்தால்தான் கணக்கு.

உடைவதற்கு முன்

காலையில் வண்டியைப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுங்கள். அதுவும் வேலை நேரம்தான். இன்ஜின் ஆயில், இன்ஜின் சூடாவதற்கு முன் ரேடியேட்டர் தண்ணீர், ஏர் ஃபில்டர், ஃபேன் பெல்ட், டயர் காற்று, வீல் போல்ட், ரோட்டவேட்டர் கியர் பாக்ஸ் ஆயில், கத்தி போல்ட் இறுக்கம், கிராஸுக்கு கிரீஸ் எனப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயல் ஓரத்தில் திரும்பும்போது ரோட்டவேட்டரைத் தூக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். பி.டி.ஓ சுற்றிக்கொண்டிருக்கும்போதே மிக உயரமாகத் தூக்கினால், ஷாஃப்ட் கோணம் அதிகமாகி கிராஸ் உடையும். ஷியர் போல்ட் உள்ள மாடல் என்றால், அது அறுந்ததும் அதே வகை போல்ட்டைத்தான் போட வேண்டும். ‘அடிக்கடி அறுகிறது’ என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால், அடுத்த அடி கியர் பாக்ஸில் விழும்.

புது வயலில் இறங்கும் முன் நிலத்துக்காரரோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். போர் பைப், சொட்டு நீர் மெயின் லைன், மின்கம்பத்து ஸ்டே கம்பி, கல், வேர்க்கட்டை என்று கேட்டு, இருக்கும் இடத்தில் ஒரு கொம்பு நட்டு சிவப்புத் துணி கட்டுங்கள். உங்களுக்கு 15,400 ரூபாய் செலவு வைத்த பாடம் இதுதான்.

கத்தியில் சிக்கிய புல்லையும் கயிற்றையும் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகுதான் எடுக்க வேண்டும். இரும்பு உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம், கைவிரல் போனால் மாற்ற முடியாது. டிராக்டர் போன்ற இயந்திரங்களைக் கொண்டு செய்யும் வேளாண் வேலையில் இருப்பவர்களை 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே தன் பட்டியலில் சேர்த்திருந்தது. வேலையில் அடிபட்டால் உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு. உங்கள் டிராக்டர் பாலிசியில் டிரைவருக்குப் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா, வண்டிச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். அவருடைய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகவில்லையே என்றும் பாருங்கள். வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டும் பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயதுள்ளவர்கள் சேரலாம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அந்த 20 ரூபாயை நீங்களே கட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘பைப் இருக்கிறதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு’ என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதன் பிறகு, 6 மணி விஷயத்தைப் பேச உங்களுக்கு வாய் இருக்கும்.

கேள்வி: ‘‘புதிதாகச் சேர்ந்த பையன், பவர் ஸ்பிரேயரில் ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டான். பிஸ்டன் சீஸ் ஆகிவிட்டது. அவனிடம் பாதிச் செலவு கேட்கலாமா?’’

*- வாசகி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.*

பதில்: யாராவது அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? இல்லை என்றால் கேட்காதீர்கள். உங்கள் ஸ்பிரேயர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயில்தான் அதன் பிஸ்டனுக்கு வழவழப்பு. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் தனியாக இருக்கும், பெட்ரோலில் கலக்கக் கூடாது. இரண்டும் ஒரே கொட்டகையில் இருந்தால் படித்தவர்களே மாற்றி ஊற்றிவிடுவார்கள். இரண்டு நிறத்தில் இரண்டு கேன் வாங்குங்கள். ஆயில் கலந்த கேன் மூடியிலும், ஸ்பிரேயர் டேங்க் மூடியிலும் ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள். கலக்கும் அளவு மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் உள்ளதைப் பார்த்து, கேன் மீதே அழியாத மையில் எழுதி வையுங்கள். நிறம் பார்த்து நிறத்தில் ஊற்றினால் யாருக்கும் தவறாது.