நம்பர் பார்ப்பது சோதனை ஆகாது

"கலெக்டர் ஆபீசில் காட்டிப் புதுப்பித்த ரிவால்வர் சார், இதில் பார்க்க என்ன இருக்கிறது?" பழைய ரிவால்வரை விற்கிறவர் இப்படிச் சொல்கிறார். வாங்குகிற பட்டாசு ஆலைக்காரரும் மண்டிக்காரரும் தலையாட்டுகிறார்கள். விருதுநகரிலும் சிவகாசியிலும் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டுவிட்டேன். இது தவறான பேச்சு, ஆபத்தான பேச்சு.

ஆயுத உரிமப் பிரிவில் நானும் சில காலம் கோப்புக் கட்டியவன். பதிவேட்டில் பெயர், முகவரி, ஆயுத வகை, எண், தோட்டாக் கணக்கு எல்லாவற்றுக்கும் கலம் உண்டு. ஆயுதம் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதற்குக் கலம் கிடையாது. எண் ஒத்துப்போனால் 'சரிபார்க்கப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்ப் விழும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ஒத்துப் பார்ப்பதற்கு 'வெரிஃபியே', ஆராய்ந்து பார்ப்பதற்கு 'எக்ஸமினே' என்று வாத்தியார் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார். நம் அலுவலகங்களில் நடப்பது முதலாவது மட்டுமே.

ஓய்வூதியர்களுக்கு இது எளிதில் விளங்கும். வருடாவருடம் கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போகிறோம். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். சர்க்கரை எவ்வளவு என்றா கேட்கிறார்கள்? ரிவால்வருக்கும் அதே நேர்காணல்தான். அதுவும் 2019 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு உரிமக் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகிவிட்டது. 15 வருடம் ஓடிய ஸ்கூட்டரை ஆர்.டி.ஓ. ஆபீசில் நிறுத்திக் காட்டினால்தான் ஆர்.சி. புதுப்பிக்க முடியும். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேர் என்று விதி இருக்கிறது. (அது மீறப்படுவது வேறு கதை, விதியாவது இருக்கிறதே.) அறுபது வயது ரிவால்வருக்கு அதுகூட இல்லை.

அடுத்த வாதம்: "இது வெப்லி சார், பர்மிங்காம் முத்திரை இருக்கிறது." வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி தனியாருக்கு நின்றுபோய்ப் பல காலம் ஆயிற்று. அதனால் பழைய வெப்லிக்குக் கிராக்கி. அந்தப் பரிசோதனைச் சாலை 1813-ல் சட்டப்படி ஏற்பட்டது. மிகையான மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்துத் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். ஆனால் முத்திரை சொல்வது குத்திய நாளின் நிலையை. இன்றைய நிலையை அது எப்படிச் சொல்லும்? அந்த நாட்டிலேயே, குழல் தேய்ந்து பலம் குறைந்துவிட்டால் பழைய முத்திரையைக் காட்டி விற்பது குற்றம்.

(வாஞ்சிநாதன் 1911-ல் மணியாச்சியில் பிடித்திருந்ததும் ரிவால்வர் என்றே மேடைகளில் பேசுகிறார்கள். அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். போகட்டும்.)

வாங்குகிறவர் உரிமம் பெற்ற கடையில் வைத்துப் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில், உள்ளே தோட்டா இல்லை என்று விற்பவர் வாயால் கேட்டால் போதாது. உருளையின் ஆறு அறையையும் நம் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு விசையை இழுத்துப் பிடித்தபடி உருளையை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகம் இருந்தால் அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது. சுடும்போது ஈயம் சீவுப்பட்டு, பக்கவாட்டு இடைவெளி வழியே தெறிக்கும். அது போவது திருடன் மேல் அல்ல, பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளை முகத்தில். ஆறு அறைக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். ஐந்தில் சரியாக நின்று ஆறாவதில் தவறும் உருளைகள் உண்டு.

சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால், அது முழுதாக நிற்கும்போது உருளையும் பூட்டிக்கொள்ள வேண்டும். நின்ற சுத்தியலைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் விழக் கூடாது. வெப்லி போல மடங்கும் ரிவால்வர் என்றால் குழலையும் பிடியையும் பிடித்து அசைத்துக் கீல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழலுக்குள் டார்ச் அடித்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரியலாம். அது துரு. நடுவில் மோதிரம் போலக் கறுப்பு வளையம் தெரிந்தால் விலைகூடப் பேச வேண்டாம். சிக்கிய குண்டின் பின்னால் இன்னொன்றைச் சுட்டுக் குழல் உப்பிய அடையாளம் அது. பளபளப்புக்கு மயங்காதீர்கள். எழுத்தும் எண்ணும் மழுங்கியிருந்தால் துருவைத் தேய்த்து மெருகு போட்டிருக்கிறார்கள்.

"சுடவா போகிறோம், பீரோவில் கிடக்கும்" என்பது கடைசி வாதம். சுடாத ரிவால்வருக்கு இவ்வளவு பணம் எதற்கு? தோல் உறையோடு பீரோவில் கிடப்பதுதான் அதற்குக் கேடு. தோல் ஈரத்தை இழுத்து இரும்பில் விடும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோம், வாரக்கணக்கில் அங்கே கிடக்கிறது. திரும்ப வாங்கும்போது பார்ப்பதும் நம்பர்தான்.

குமாஸ்தாவுக்குத் துப்பாக்கி தெரியாது என்பது உண்மை. தெரிய வேண்டியதும் இல்லை. மாவட்ட ஆயுதப்படையில் ஆர்மரர்கள் இருக்கிறார்கள். ரிவால்வர் கை மாறும்போதும் உரிமம் புதுப்பிக்கும்போதும் அவர் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சான்று கேட்கலாம். கட்டணம் வாங்கட்டும், தருகிறவர் தருவார். பதிவேட்டில் ஒரு கலம் கூடும், அவ்வளவுதான். அதற்கு ஓர் அரசாணை போதும் என்பது என் எண்ணம்.