குப்பையும் கூலியும்

2023 டிசம்பர் 26ஆம் நாள் ஆந்திரப் பிரதேச நகராட்சிகளின் தூய்மைப் பணியாளர்கள் மாநிலம் தழுவிய வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். சம வேலைக்குச் சம ஊதியம், ஒப்பந்தப் பணியாளர்க்குப் பணி நிரந்தரம் என்பன அவர்தம் முதன்மைக் கோரிக்கைகள். வைகுண்ட ஏகாதசி கழிந்து மூன்றே நாள்கள் ஆகியிருந்தன. சொர்க்கவாசல் தரிசனத்திற்காகத் திருப்பதிக்கு அடியார்கள் திரண்டு வந்துகொண்டிருந்தனர்.

திருப்பதியாயினும் சித்தூராயினும், அள்ளப்படாத குப்பை வெறும் நாற்றத்தோடு நிற்பதில்லை. எச்சில் இலையில் அமரும் ஈ அடுத்து உணவில் அமர்கிறது; வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் அவ்வழியே பரவும். எலி பெருகினால் எலிக்காய்ச்சல் வரும். மழைநீர் தேங்கிய இளநீர்க் கூட்டில் டெங்குக் கொசு வளரும். வெப்பமான இடத்தில் ஈயின் முட்டை ஏறத்தாழப் பத்து நாள்களில் ஈயாகிவிடும். வேலைநிறுத்தமோ இரு வாரங்களுக்கு நீடித்தது.

மக்களின் உடல்நலத்தைப் பணயம் வைத்துக் கூலி கேட்பது முறையா என்று வினவுவோர் உண்டு. அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. திறந்த சாக்கடையோரம் குடியிருக்கும் ஏழைகளே முதலில் நோயுறுவர். ஆயினும் அவ்வினா தொழிலாளர் பக்கமே நின்று வாதாடுகிறது. அவர்கள் கை ஓய்ந்தால் நோய் வருமெனில், நாள்தோறும் நோயைத் தடுத்து வந்தவர்கள் அவர்களே அல்லரோ? மருத்துவரைக் கைகூப்பி வணங்கும் ஊர், விடியுமுன் தெருவைப் பெருக்குபவரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

அந்நாளில் அவர்களுக்கு மாத ஊதியம் 15,000 ரூபாய். தொழில்சார் உடல்நலப் படி 6,000 ரூபாய். அப்பணி உடலைக் கெடுக்கும் என்பதை அப்படியின் பெயரே ஒப்புக்கொள்கிறது. அதனைப் பெறுவதற்கும் 2022 ஜூலையில் ஒருமுறை அவர்கள் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள்களே இருக்க, இரு தொகையையும் சேர்த்து 21,000 ரூபாயை ஊதியமாகவே வழங்க அரசு இசைந்தது, போராட்டம் முடிந்தது. பணி நிரந்தரம் மட்டும் கிட்டவில்லை. ஊருக்கு இன்றியமையாத பணியைச் செய்பவர் எத்தனை ஆண்டுகள்தாம் ஒப்பந்தப் பணியாளராகவே இருப்பது?

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் குப்பை எனப் பிரித்துத் தரும் கடமையை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டாருக்கே விதித்தன. எனினும் உடைந்த கண்ணாடியும் பழைய சோறும் இன்றும் பல வீடுகளிலிருந்து ஒரே பையில் வருகின்றன. அப்பையைக் கைவிட்டுப் பிரிப்பவர் தூய்மைப் பணியாளரே.