நீச்சல் குளம் மூடியிருக்கிறது, பிள்ளை என்ன செய்யும்?



பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். அவன் போகிற நீச்சல் குளத்தில் டைல்ஸ் வேலையாம், ஒன்றரை மாதத்துக்கு மூடிவிட்டார்கள். "நல்லதாப் போச்சுங்க சார், இனியாவது படிப்புல கவனம் வரும்" என்றார் அவன் அம்மா. எனக்குச் சுருக்கென்றது. 2020-ல் இதே பேச்சை என் பேத்தியிடம் நானும் பேசியிருக்கிறேன்.

அந்த மார்ச்சில் எல்லாவற்றையும் மூடினார்கள். சரி, நோய்க்காலம். ஆனால் திறந்த வரிசையைப் பாருங்கள். மே மாதமே டாஸ்மாக் திறந்தது. ஆகஸ்டில் ஜிம் திறந்தது. நீச்சல் குளத்துக்கு, அதுவும் போட்டி வீரர்களின் பயிற்சிக்கு மட்டும், மத்திய அரசு அனுமதி தந்தது அக்டோபர் 15-க்குப் பிறகு. மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி. ஓடுகிற பிள்ளை மொட்டை மாடியில் ஓடலாம், செஸ் பிள்ளைக்குப் போனே போதும். நீந்துகிற பிள்ளைக்குத் தண்ணீர் இல்லாமல் என்ன இருக்கிறது? ஆசிய விளையாட்டுப் பதக்கம் வாங்கிய வீர்தவல் காடேவே அந்த ஜூனில், ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று வெளிப்படையாக எழுதினார். அவருக்கே அப்படியென்றால் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?

என் பேத்தி அப்போது பத்தாவதுக்குப் போகிறாள். மாவட்ட அளவில் பேக்ஸ்ட்ரோக்கில் பெயர் வாங்கியிருந்தாள். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "வெயில்ல கறுத்துப் போனது இப்பத்தான் தெளியுது" என்றார்கள் உறவில் சிலர். நான் வாத்தியாரல்லவா, "பத்தாவது வருது கண்ணு, இத்தோட விட்டுட்டாத்தான் என்ன?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னிடம் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் என் பழைய சைக்கிளின் ட்யூபை வெட்டி, ஜன்னல் கம்பியில் கட்டி, குனிந்து நின்று கையை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் போனில் சொல்லிக் கொடுத்தாராம். சைக்கிள் போனது போகட்டும், எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

அந்த ட்யூப் சின்ன விஷயம் இல்லை. நீச்சலுக்குத் தோள் வலு முக்கியம். தினமும் இழுத்தால் அது கெடாமல் இருக்க உதவும். கூடவே கட்டிலில் குப்புறப் படுத்து இடுப்பிலிருந்து கால் உதைப்பது, பிளாங்க், ஸ்கிப்பிங். இதில் அவள் ஒரு தப்பும் செய்தாள். குளம் இல்லாத கோபத்தில் தார் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடி, கெண்டைக்கால் முன் எலும்பு வலியோடு பத்து நாள் படுத்தாள். தண்ணீரில் மிதந்து பழகிய காலுக்கு உடம்புப் பாரத்தைத் தாங்கப் பழக்கம் இருக்காது. நடையில் தொடங்க வேண்டும். இன்னொன்று, வாளியிலோ தொட்டியிலோ மூச்சடக்கிப் பழகுகிறேன் என்று பிள்ளை தனியாக உட்கார்ந்தால் விடவே விடாதீர்கள். மயக்கம் சொல்லிவிட்டு வராது.

ஜூலையில் கிணத்துக்கடவு பக்கம் எங்கள் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். நான் சுரைபுருடையை முதுகில் கட்டி நீச்சல் பழகிய அதே கிணறு. நாலு கை போட்டால் எதிர்ச் சுவர் வந்துவிடும். "இதுல எப்படிங்க அப்பிச்சி நீந்தறது?" என்றாள். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைப் படிக்கல்லில் கட்டினோம். இருந்த இடத்திலேயே அரைமணி நேரம் நீந்தினாள். மேலே வந்தபோது அவள் முகத்தில் இருந்த தெளிச்சியை நான் மூன்று மாதமாகப் பார்த்திருக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையைத் தனியாகக் கிணற்றுக்கோ பிஏபி வாய்க்காலுக்கோ அனுப்பிவிடாதீர்கள். கோடை வந்தால் நம் பக்கத்துப் பேப்பரில் என்ன செய்தி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஓடுகிற வாய்க்காலில் கரை பிடிக்க முடியாது, குளத்தில் வாங்கிய மெடல் அங்கே உதவாது. கிணறென்றால் மோட்டாரின் மெயினை அணைத்திருக்க வேண்டும், நீச்சல் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் கூட இருக்க வேண்டும், கையில் கயிறு வேண்டும்.

சஜன் பிரகாஷைத் தெரிந்திருக்கும். கேரளக்காரர், ஆனால் வளர்ந்ததும் நீந்தப் பழகியதும் நம் நெய்வேலியில். ஊரடங்கில் தாய்லாந்தில் மாட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் தண்ணீர் படாமல் இருந்தார். பிறகு கழுத்து, தோள் உபாதை வேறு. 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக் 'ஏ' தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரரானார். அமெரிக்காவின் கேட்டி லெடெக்கிக்கே அந்த நாட்களில் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லைக் குளம்தான் கிடைத்தது.

எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. என் பேத்தி மறுபடி குளத்துக்குப் போனபோது "தண்ணி கையில புடிபடல" என்று அழுதாள். பழைய நேரத்தை எட்ட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, மாநிலப் போட்டி கைவிட்டுப் போனது. இப்போது கல்லூரி அணியில் நீந்துகிறாள். அவளோடு பயிற்சிக்கு வந்த இன்னொரு பெண், அவளைவிட வேகம், திரும்பி வரவே இல்லை. அந்த வீட்டிலும் படிப்பு, கறுப்பு என்றுதான் பேசினார்களாம். குளத்தை அரசாங்கம் திறந்தது. வீட்டில் மூடியதைத் திறக்க யாரும் இல்லை.

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு ட்யூப் வெட்டிக் கொடுத்தேன். கிணற்றுக் கதையையும் கேட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வருகிறேன் என்கிறான். அவன் அம்மாவிடம் நான் இன்னும் பேசவில்லை. இதைப் படித்தால் அவரே கூப்பிடுவார் என்று நினைக்கிறேன்.