தும்பிக்கும் ஒரு கண்மாய்க் கணக்கு

'தும்பி' என்றதும் இன்று நம் மனத்தில் எழுவது தட்டானின் உருவம். ஆனால் குறுந்தொகையில் இறையனார் விளித்துப் பேசும் தும்பி தேன் தேடும் வண்டினம். தட்டான் தேனைத் தொடுவதில்லை. கொசுவையும் ஈயையும் பறந்தபடியே பிடித்துத் தின்பது அது. தொல்காப்பிய மரபியலோ நண்டையும் தும்பியையும் ஒருசேர நான்கறிவுயிர் என்று வகுக்கிறது. அந்தத் தும்பி எது என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். சிற்றுயிர்களை உற்றுநோக்கி வகைப்படுத்தும் வழக்கம் நம் இலக்கண மரபிலேயே இருந்தது என்பது தெளிவு. அவ்வழக்கத்தை நம் கண்மாய்க் கரைகளில் மீண்டும் தொடங்கவேண்டும் என்பதே என் கருத்து.

விருதுநகர் வறண்ட மாவட்டம் என்பார்கள். ஆயினும் மேற்கே திருவில்லிபுத்தூர் மலையோடைகள், இடையே கண்மாய்கள், இறுதியில் தூத்துக்குடி மாவட்டம் கடந்து மன்னார் வளைகுடாவில் சேரும் வைப்பாறு என்று நீருக்கு இங்கே மூன்று முகங்கள் உண்டு. பூச்சிகளும் அதற்கேற்ப மாறுகின்றன. ஓடுநீரில் பாறையைப் பற்றிக்கொள்ளும் தட்டை உடல் பூச்சிகளும், மணல்துகளை ஒட்டிக் கூடு செய்து அதனுள் வாழும் புழுக்களும் இருக்கும். தேங்கிய கண்மாயில் நீர்மேல் நடக்கும் பூச்சி, கூட்டமாய் வட்டமடிக்கும் வண்டு, முதுகில் முட்டைகளைச் சுமந்து திரியும் ஆண் நீர்ப்பூச்சி எனக் குடிகள் வேறு. உவர்நீர் ஏறும் கழிமுகத்திலோ இவற்றுள் பெரும்பாலானவை தங்குவதில்லை.

கோடையில் கண்மாய் வறண்டால் நீர்வண்டுகள் வேறு நீர்நிலை தேடிப் பறந்துவிடுகின்றன. மழைக்காலத்தில் கூட்டமாய்ப் பறக்கும் மஞ்சள் தட்டானின் இளம்பருவம், ஓரிரு மாதங்களிலேயே வளர்ந்து முடியக்கூடியது; மழைக்குட்டையே அதற்குப் போதும். இந்த இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடக்கிறது என்ற கருத்தை சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் முன்வைத்தார்.

இவற்றைக் கணக்கெடுப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். சிவகாசிப் பட்டாசுத் தொழிற்பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் கலந்திருப்பதை 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அத்தகைய நஞ்சை ஆய்வுக்கூடம்தான் கண்டறிய முடியும்; பூச்சி அதன் பெயரைச் சொல்லாது. ஆனால் குடுவையில் எடுத்த நீர், எடுத்த நாளின் நிலையையே காட்டும். வாரக்கணக்கில் நீருக்குள் வளரும் தட்டான் குஞ்சு அத்தனை நாள்களின் நிலைக்கும் சாட்சி. பலவகைப் பூச்சிகள் இருந்த இடத்தில், உயிர்வளி குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும் சிவப்புப் புழு மட்டும் எஞ்சினால், எங்கே சோதிக்கவேண்டும் என்பதாவது தெரிந்துவிடும். மேலும் தட்டான் குஞ்சுகள் கொசுப்புழுக்களைத் தின்பவை.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். எனினும் தூர்வாரும் பணியில் எத்தனை கன மீட்டர் மண் அள்ளப்பட்டது என்பதே கணக்காகிறது. ஊசித்தட்டான் நீர்ச்செடியின் தண்டுக்குள் முட்டையிடுகிறது. வளர்ந்த குஞ்சு அத்தகைய தண்டைப் பற்றி ஏறித்தான் தோலுரித்துச் சிறகு பெறுகிறது. கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டிக் கோரையை வழித்தெடுத்தால் நீர் மிகும். அதில் வாழ்வன குறையும். ஓரத்தில் ஒரு பகுதியையேனும் ஆழமின்றி, செடியோடு விட்டுவைப்பது பெருஞ்செலவான காரியமன்று.

சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே அமைக்கப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. பக்கத்து இராமநாதபுரத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது அங்கு வரும் பறவைகளின் புண்ணியம். பறவை கூடாத சாதாரணக் கண்மாய்க்காக யார் பேசுவது?

கல்லூரிகளே பேசலாம் என்பேன். விலங்கியல் மாணவர் பூச்சியை இனங்காணட்டும். தமிழ் மாணவர் அதற்கு ஊர் வழங்கும் பெயரை முதியோரிடம் கேட்டு எழுதட்டும். ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்தபின் ஒரு கண்மாய்க்கு ஒரு நாள் போதும். பத்தாண்டுகள் தொடர்ந்தால், கரையை வெட்ட வருபவர் முன் நீட்ட நம்மிடம் ஒரு பட்டியல் இருக்கும். உங்கள் ஊரில் இதைத் தொடங்க இயலுமா, நண்பர்களே?