ஒட்டுப்பலகையின் நாதம்

"ஒட்டுப்பலகையில் செய்தது மேசையாகலாம், கிட்டார் ஆகாது." எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பரின் மகளிடம் ஓர் இசையாசிரியர் சொன்ன வாக்கியம் இது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து இரண்டாண்டுகளாகச் சேர்த்த ஐம்பதாயிரம் ரூபாய் அவளிடம் இருந்தது. ஜாஸ் வாசிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. முழு மரத்தில் செதுக்கிய ஆர்ச்டாப் கிட்டாருக்குப் பணம் சேரும்வரை, இன்னும் நான்காண்டுகளானாலும் சரி, காத்திருக்கவேண்டும் என்பது ஆசிரியரின் தீர்ப்பு. இருபது வயதில் நான்காண்டு என்பது நாற்பதில் நான்காண்டு அன்று. அத்தீர்ப்பு அநியாயம் என்று எங்களுக்குப் பட்டது. அநியாயம் மட்டுமன்று, பிழையும்கூட என்பதே இப்போது எங்கள் கட்சி.

ஆர்ச்டாப் என்பது வயலினைப்போல் மேற்பலகை வளைந்து, இருபுறமும் எஃப் வடிவத் துளைகள் கொண்ட கிட்டார். அதன் குதிரை பலகையில் ஒட்டப்பட்டதன்று; தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. தந்திகளோ வீணையின் நாகபாசத்தைப்போல் அடிப்பகுதியில் இருக்கும் ஒரு தாங்கியில் முடிகின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் செதுக்கத் தொடங்கிய வழி இது. அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் லாயிட் லோர் பணியாற்றிய 1920களின் தொடக்கத்தில் எல்-5 என்னும் கருவியாக அவ்வழி முதிர்ந்தது. செமி-ஹாலோ பின்னால் வந்தது. 1958இல் கிப்சன் வெளியிட்ட ஈ.எஸ்.335இல் மெல்லிய உடலின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மரக்கட்டை ஓடுகிறது. இரு சிறகுகள் மட்டுமே உள்ளீடற்றவை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே லெஸ் பால் ஒரு பைன் கட்டையின் இருபுறமும் கிட்டாரின் பாதிகளை ஒட்டவைத்து வாசித்துக் காட்டியிருந்தார்.

இனி ஒட்டுப்பலகைக்கு வருவோம். 1949இல் கிப்சன் ஈ.எஸ்.175ஐக் கொண்டுவந்தது. பெயரிலுள்ள எண்ணே தொடக்கத்தில் விலை: 175 டாலர். செதுக்கியதை வாங்க இயலாதவர்களுக்காக, மெல்லிய மர ஏடுகளை ஒட்டி அச்சில் அழுத்தி வளைத்த பலகையால் ஆனது. அந்த மலிவுக் கருவிதான் ஹெர்ப் எல்லிஸ், ஜிம் ஹால், ஜோ பாஸ், பேட் மெத்தீனி ஆகியோரின் கைகளில் ஜாஸ் கிட்டாரின் குரல் என்றே பெயர்பெற்றது. மறுவாழ்வு இல்லமொன்றில் இருந்த காலத்தில் ஜோ பாஸ் வாசித்துவந்தது ராக் இசைக்குழுக்களுக்கு ஏற்ற ஒரு ஃபெண்டர் கிட்டாரை. அதைக் கண்ட ஒருவர் 1963இல் அவருக்குப் பரிசளித்தது இந்த 175. ஒட்டுப்பலகை என்று அவர் அதை ஒதுக்கிவைக்கவில்லை.

இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. செதுக்கிய மேற்பலகை தானே பாடுவதற்காகப் பிறந்தது. கவுண்ட் பேஸி குழுவின் ஃப்ரெடி கிரீனைப்போல் ஒலிபெருக்கி இல்லாமல் இசைக்குழு நடுவே தாளம் சேர்ப்பவருக்கு அதுவே துணை. ஆனால் அதே பலகையில் பிக்கப்பைப் பதித்து ஆம்ப்ளிஃபையரின் ஒலியை உயர்த்தினால், பெட்டியிலிருந்து வரும் ஒலி பலகையை அதிரவைக்க, பலகை தந்தியை அதிரவைக்க, அதுவே மீண்டும் பெட்டிக்குள் போக, கருவி ஊளையிடத் தொடங்குகிறது. ஒட்டிய பலகை விறைப்பானது, பிடிவாதமானது. அத்தனை எளிதில் அதிராது. தனியே கேட்டால் சற்று ஊமை. மின்னொலியில் அந்த ஊமைத்தனமே அதன் நிதானம். பி.பி. கிங் தம் கிட்டாரின் துளைகளுக்குள் துணியைத் திணித்து வாசித்ததும், 1980இல் கிப்சன் அவருக்காகச் செய்த லூசில் துளைகளே இல்லாமல் வந்ததும் இந்த ஊளையின் பொருட்டே.

நாங்கள் மூவர், நண்பரும் அவர் மகளும் இதை எழுதும் தமிழாசிரியருமாக, இரண்டு நாள்கள் அலைந்தோம். முதல் நாள் கனடாவிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் வீட்டில். அவரிடம் செதுக்கிய ஸ்ப்ரூஸ் பலகையுடன் ஓர் ஈஸ்ட்மனும், கியூபெக்கில் செர்ரி மர ஏடுகளை ஒட்டிச் செய்த கோடின் ஃபிஃப்த் அவென்யூவும் இருந்தன. மின்னிணைப்பின்றி வாசித்தபோது ஈஸ்ட்மன் அறையை நிறைத்தது, இதை மறைப்பதற்கில்லை. கோடின் உலர்ந்த, வெட்டிப் பேசும் குரல். பிறகு இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, முதுகைத் திருப்பி நின்று கேட்டோம். மூவரில் இருவர் தவறாகச் சொன்னோம். ஒலியை இன்னும் கூட்டியபோது ஆறாம் தந்தியின் ஜி சுரத்தில் முதலில் ஊளையிட்டது விலை உயர்ந்ததுதான்.

அவ்வீட்டுக்காரர் ஈஸ்ட்மனை ஈரப்பதமானியோடு பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். சென்னையின் கடற்காற்றும் குளிர்சாதனமும் மாறி மாறித் தாக்கினால் முழு மரம் விரியும், சுருங்கும், சிலவேளை வெடிக்கும். இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டிய பலகை அவ்வளவு நலுங்காது. ஏகாண்ட வீணை உயர்ந்ததென்று எல்லாரும் சொல்வோம். பெரும்பாலான வீடுகளில் கீர்த்தனைகள் கற்கப்பட்டது ஒட்டு வீணையில் அல்லவா?

மறுநாள் கடையில் இரண்டு ஐபனெஸ்கள். இரண்டும் 2002இல் அந்நிறுவனம் தொடங்கிய ஆர்ட்கோர் வரிசையைச் சேர்ந்தவை: முழுதும் உள்ளீடற்ற ஏ.எஃப்.75, நடுக்கட்டை உள்ள ஏ.எஸ்.73. ஒப்பிடுவதற்கு அவள் தோழியின் பழைய எபிஃபோன் டாட்டையும் தூக்கிச் சென்றோம். தூக்கினோம் என்பது பொருத்தமான சொல். நடுக்கட்டையின் எடையைத் தோள் அறியும்.

ஏ.எஃப்.75ஐ எடுத்த எடுப்பில் சுருதியே சேரவில்லை. இங்கேதான் பலர் கருவியை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒட்டாத குதிரை கடையில் பல கைகள் பட்டு நகர்ந்திருக்கும். பன்னிரண்டாம் மெட்டில் விரலால் தொட்டெழுப்பும் மேற்சுரமும் அழுத்தி மீட்டும் சுரமும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்தியது கூர்மையாக ஒலித்தால் குதிரையைத் தாங்கியின் பக்கம் மயிரிழை தள்ளவேண்டும். கடைக்காரரின் இசைவோடு தள்ளினோம், சுருதி சேர்ந்தது. அடுத்தது தந்தி. கடைகளில் பெரும்பாலும் மெல்லிய, சுரசுரப்பான பத்தாம் எண் தந்திகளே பூட்டியிருக்கும். ஆர்ச்டாப்புக்கு வேண்டியது பன்னிரண்டாம் எண்ணில் வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்தி. குறைபட்டுக்கொள்ளும் "மலிவுக் கிட்டார் ஒலி"யில் பாதி இந்தத் தந்தியின் ஒலி.

குறைகள் இல்லாமலில்லை. ஏ.எஃப்.75இன் கழுத்துப் பிக்கப் தாழ்சுரங்களில் சேறாகக் குழைகிறது. டாட்டில் தந்தி செல்லும் மேற்கட்டைப் பள்ளங்கள் இறுக்கம். சுருதி கூட்டும்போது சொடக்கென்று தாவுகிறது. கைதேர்ந்தவர் அரைநாளில் சரிசெய்யக்கூடியவை இவை. ஏ.எஸ்.73இல் எங்களுக்குக் குறையே தோன்றவில்லை. தனிச்சுரம் நீண்டு நிற்கிறது, டிரம்ஸின் பக்கத்தில் நின்றாலும் ஊளை இல்லை. மூன்று தந்திகளில் மட்டும் மெல்லிய இசைவுகளைத் தொடர்ந்து மீட்டியபோது ஏ.எஃப்.75இல் ஒவ்வோர் அடியும் டக்கென்று தோன்றி மறைந்தது, ஏ.எஸ்.73இல் ஒன்றின்மேல் ஒன்று படிந்தது. உள்ளே கட்டை இருக்கிறதா இல்லையா என்பதே கைக்குத் தெரியும் வேறுபாடு. செதுக்கியதா ஒட்டியதா என்பது இந்த விலையில் இரண்டாவது கேள்விகூட அன்று.

நண்பரும் நாங்களும் ஏ.எஸ்.73 என்றே முடிவு செய்திருந்தோம். அவள் ஏ.எஃப்.75ஐ மடியில் வைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, அரைமணி நேரம் சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். கருவியின் விலை போக மிஞ்சுவதில் தந்தியும் உறையும் வாங்கலாம்; ஆம்ப்ளிஃபையர் வாங்க இயலாது. "இது தனியாவே கேக்குதுப்பா. ராத்திரி நீங்க தூங்கினப்புறமும் வாசிக்கலாம்" என்றாள். இந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

தட்டைச் சுற்றுத் தந்தி அக்கடையில் இல்லை. வரவழைக்கப் பத்து நாளாகும் என்றார்கள். சுரசுரப்பான தந்தியோடே தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினோம்.