டிரோனுக்குத் தடை, உதிரிபாகத்துக்குத் திறந்த கதவு

டிரோன் வரலாறு என்றாலே போர்க்கதைதான். 1930-களில் பீரங்கிப் பயிற்சிக்காக பிரிட்டன் பறக்கவிட்ட ‘குயின் பீ’, 1982-இல் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேல் இறக்கிய வேவு விமானங்கள், 2001-இல் ஆப்கானிஸ்தானில் ஏவுகணை வீசிய ‘பிரிடேட்டர்’ என்று பட்டியல் நீளும். வயலில் மருந்து தெளிக்கும், கல்யாண வீட்டில் படம்பிடிக்கும் டிரோன்களோ வேறு வம்சம்.

அந்த வம்சத்தின் மூதாதைகளில் ஒன்று இது: 1922 டிசம்பரில், அமெரிக்காவின் டேட்டன் நகரில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய ஜார்ஜ் டி போத்தெசாட் நான்கு சுழலிகள் கொண்ட ராட்சத ஹெலிகாப்டர் ஒன்றை ராணுவத்துக்காக எழுப்பிக் காட்டினார். ஏறியது ஓர் ஆள் உயரம். நின்றது 1 நிமிடம் 42 விநாடி. பிறகும் பலமுறை பறந்தது. ஆனால், அதை ஓட்டுவதற்குள் விமானிக்குப் போதும் போதுமென்றாகிவிடும். ராணுவம் கைவிட்டது.

சிக்கல் இதுதான். நான்கு சுழலிகளில் இரண்டு வலமாகச் சுற்றும், இரண்டு இடமாக. ஒரு பக்கம் இம்மி தாழ்ந்தாலும் அந்தப் பக்கத்துச் சுழலியின் விசையைக் கூட்டி, எதிர்ப்பக்கத்தைத் தணிக்க வேண்டும். அதுவும் விநாடிக்குப் பல நூறு முறை. மனிதக் கைக்கு அது ஆகிற காரியமா? சாய்வை உணரும் கைரோஸ்கோப்பும், நொடியில் கணக்குப் போடும் சில்லும் கைக்கடங்கும் விலையில் வர வேண்டியிருந்தது. 2010-இல் ஐபோன் 4-க்குள் நகக்கண் அளவில் கைரோஸ்கோப் நுழைந்தது. அதே காலகட்டத்தில், நின்டெண்டோ விளையாட்டுக் கருவியைப் பிரித்து, அதிலிருந்த கைரோஸ்கோப்பைக் கழற்றி டிரோன் செய்துகொண்டிருந்தார்கள் பொழுதுபோக்கு ஆர்வலர்கள். 2013-இல் டிஜேஐ நிறுவனத்தின் ‘ஃபாண்டம்’ சந்தைக்கு வந்தது, செல்போன் உதிரிபாகங்கள் மலையாகக் குவியும் ஷென்சென் நகரிலிருந்து. வேறெங்கிருந்து வரும்?

செல்போன் உதிரிபாகங்களில் உருவான இந்த வம்சாவளியை நம் கொள்கை வகுப்பாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 2014-இல் பொதுமக்கள் டிரோன் பறக்கவிடுவதற்கே தடை வந்தது. கெடுபிடிகள் உருப்படியாகத் தளர 2021 ஆகஸ்ட் ஆனது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதியைத் தடைசெய்தார்கள், உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. தொடக்கத்துக்கு அது சரிதான், ஒரே நாளில் எல்லாவற்றையும் இங்கே செய்துவிட முடியாது. ஆனால், வந்த பாகங்களைப் பூட்டி உள்நாட்டுப் பெயர் ஒட்டுவதே தொழிலாக நின்றுவிடும் ஆபத்தும் அதில் இருந்தது. 2023-இல் டிரோன் பாகங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா கடிவாளம் போட்டது. சீனப் பாகங்கள் இருந்ததால் 400 சரக்கு டிரோன்களுக்கான ஒப்பந்தங்களை நம் ராணுவம் ரத்துசெய்ததாக 2025 பிப்ரவரியில் செய்தி வந்தது.

பணம் போகும் திசையைப் பாருங்கள். டிரோன்களையும் பாகங்களையும் இங்கேயே தயாரிப்பதற்கு 2021-இல் அறிவித்த ஊக்கத்தொகை, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து 120 கோடி ரூபாய். பெரிய நட்சத்திரப் படம் ஒன்றை இந்தத் தொகையில் முடிப்பது கஷ்டம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 15,000-க்கு டிரோன் வழங்கும் ‘நமோ டிரோன் தீதி’ திட்டத்துக்கோ 1,261 கோடி. வாங்குவதற்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூடச் செய்வதற்கு இல்லை.

குழுக்களுக்கு வழங்குவதைக் குறைக்க வேண்டியதில்லை. மோட்டார், பேட்டரி, கட்டுப்பாட்டுப் பலகை மூன்றும் எந்த நாட்டிலிருந்து வந்தவை என்பதை விற்பவர் எழுதித் தர வேண்டும் என்று அந்தக் கொள்முதலிலேயே ஒரு நிபந்தனை சேர்க்கலாம்; உள்நாட்டில் செய்தவற்றுக்குக் கூடுதல் விலையும் கொடுக்கலாம். மருந்தடிக்கும் பருவத்தில் ஒரு மோட்டார் எரிந்தால், மாற்று மோட்டாருக்குக் கப்பல் வரும்வரை பயிர் காத்திருக்காது.